இரண்டு சொட்டுக் கசப்பு

காய்ச்சல் ஒருவழியாக இறங்கிவிட்டது. ஆனால் சும்மா இறங்கவில்லை. போகிற போக்கில் அவளுடைய மூக்கையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவளுக்கே அது தெரியவில்லை. மழைக்காலத்துச் சளிதானே, ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள். ஒருநாள் காலையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். மகளோ அடுப்புக்குப் பக்கத்திலேயே, சன்னல் வழியாக மழையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“ஏண்டி, பக்கத்துல நின்னுக்கிட்டு கனவா காணுற? தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை அடிக்குது!”

“அடிக்குதா?” என்றாள் மகள்.

பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். சூடு ஏறியது, வாடை ஏறவில்லை. காப்பித்தூள் டப்பாவை முகர்ந்தாள். துணி சோப்பை முகர்ந்தாள். வெங்காயம் ஒன்றை நறுக்கி மூக்கருகே பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது, வெங்காயம் வரவில்லை.

மற்றவர்களுக்கு என்றால் கொஞ்ச நாள் சோறு மண்ணாகத் தெரியும், அவ்வளவுதான். இவளுக்கு அதுதான் பிழைப்பு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலின் பாரில் காக்டெயில் கலப்பவள் இவள். அங்கே யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘மூக்குக்காரி’ என்பார்கள். ரம்மில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, இரண்டு கையையும் குவித்து முகர்வாள். முதலில் குப்பென்று ஏறுகிற காரம் அடங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி முகர்வாள். கருக்கிய சர்க்கரை, பீப்பாயின் உட்புறத்தில் நெருப்புக் காட்டிய மரம், உலர்ந்த பழம், சில ரம்மில் புதுச் செருப்பின் தோல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வாள். பிறகுதான் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, பக்கத்து வாளியில் துப்புவாள். இத்தனை வருஷத்தில் ஒரு மடக்குகூடத் தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை. “ஊருக்கெல்லாம் விருந்து சமைச்சுட்டுப் பட்டினியா வீட்டுக்குப் போற ஆளு நீ” என்று அவளோடு வேலை பார்க்கும், வயதில் மூத்த ஒருவர் கிண்டல் செய்வார். அவருக்கு அங்கே ‘ஐஸ்கட்டி’ என்று பெயர். ஐஸை வெட்டுவதில் கெட்டிக்காரர், கோபமே வராதவர்.

நேரம் பார்த்துத்தான் மூக்கு காலை வாரியது. அந்த மழைக்காலத்தில்தான் முதல்முறையாக அவள் பொறுப்பில் ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள். டார்க் ரம்மை வைத்து மூன்று புது காக்டெயில். காய்ச்சலில் படுப்பதற்கு முன்பே மூன்றையும் கலந்து, ருசி பார்த்து, அளவெல்லாம் முடிவு செய்துவிட்டாள். அவள் படுத்துக்கிடந்த நாட்களில், வழக்கமாக வருகிற ரம் வராமல் வேறொன்று வந்து இறங்கியது.

மறுபடி வேலைக்குப் போன அன்று மத்தியானம் பார் இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்துத் தரை துடைத்திருந்தார்கள். மேனேஜர் கவுண்டரில் கிளாஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

“நீ சொன்ன அளவுலதான் கலந்தோம். ஆனா பாகு குடிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு வாய்க்கு மேல போகல, திகட்டுது.”

“புது ரம் கனமான ரம் சார். அளவை மாத்தணும்.”

“மாத்து. சனிக்கிழமை ருசி பார்க்க ஆளுங்க வர்றாங்க. இப்பதான் எழுந்து வந்திருக்க, முடியலைன்னா சொல்லிடு. நம்ம இன்னொரு ஹோட்டல்லேர்ந்து ஆளை வரவழைச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதே.”

“எதுக்கு சார் வேற ஆளு? நான் பார்த்துக்கறேன்” என்று வாய் முந்திக்கொண்டது.

அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். வழக்கம்போலக் கண்ணை மூடினாள், தலையை ஆட்டினாள். மேனேஜர் திருப்தியாகப் போய்விட்டார். ஐஸ்கட்டி துணியால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“கடைசியா மோந்து பார்த்துத் தலையாட்டினியே, அது என்ன ரம்?”

“ஏன், புதுசுதானே?”

“நான் காலைல குடிச்சு மீதி வச்ச டீ.”

அவள் முகம் செத்துப்போயிற்று. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே.”

“நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா என்னையும் நம்பாதே. எனக்கு எதைக் குடிச்சாலும் நல்லா இருக்கும். அதான் என் வியாதி.” அவர் மூன்று நான்கு சின்னப் புட்டிகளில் ரம்மும் மற்றதும் ஊற்றி மூடினார். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாரு. வீட்ல நாக்கு நல்லா இருக்கற ஆளு யாராவது இருந்தா கேளு.”

“வீட்ல எங்கம்மாதான் இருக்காங்க.”

“அம்மாவா?” ஐஸ்கட்டி புட்டியைக் கீழே வைத்தார். “அதுக்கு மேனேஜர்கிட்டயே சொல்லிடலாம்.”

அவருக்கு அந்த வீட்டுக் கதை தெரியும். அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கறுப்பு ரம்தான் குடிப்பார். அடிதடி, கூச்சல் எதுவும் கிடையாது. சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெல்லக் குடிப்பார். அப்படி மெல்லவே ஈரல் கெட்டு, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அம்மா ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். ஊரிலுள்ள ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் அங்கேதான் வரும். சூடு படும்போது எழுகிற ஆவியை வைத்தே இது ஒயின் சிந்தின துணி, இது ரம் சிந்தின துணி என்று சொல்லிவிடுவாள். ரம் சிந்தினது வந்தால் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிடுவாள். மகள் பார் வேலையில் சேர்ந்தபோது அம்மா ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சட்டம் போட்டாள். வேலை முடிந்து வந்தால் நேரே குளியலறை, துணிக்குத் தனி வாளி, அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரவே கூடாது. மகளும் இதுவரை ஒரு தடவைகூட மீறவில்லை.

மறுநாள் அவளுக்குச் சாயங்காலம்தான் வேலை. அம்மா சலவைக்கூடத்துக்குப் போன பிறகு, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த புட்டிகளைச் சமையலறைத் தரையில் பரப்பினாள். மூக்கு போனால் போகிறது, நாக்கு இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை. எலுமிச்சை பிழிந்தாள், இஞ்சி தட்டினாள், பாகு காய்ச்சினாள். கலந்து வாயில் விட்டால் நாக்குக்கு இனிப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, எரிச்சல் தெரிந்தது. ஆனால் அவை மூன்றும் ஒன்றையொன்று தெரியாத ஆட்கள்போலத் தனித்தனியாக நின்றன. மூக்குதான் இத்தனை நாளும் அவற்றைக் கூட்டிவைத்துப் பேசவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை முறை மாற்றிப் பார்த்தும் ஒன்றும் விளங்காமல், புட்டிகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. சலவைக்கூடத்தில் மழைத்தண்ணீர் புகுந்து கரண்டை நிறுத்திவிட்டார்கள். அம்மா சொட்டச் சொட்டக் குடையோடு நின்றாள்.

“என்னது இது?”

மகள் எழுந்திருக்கவில்லை. “ரம்.”

“அது தெரியுது. வாசல்லயே தெரிஞ்சுது. என் வீட்டுக்குள்ள எதுக்கு வந்துச்சுன்னு கேக்கறேன்.”

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மகள் எல்லாவற்றையும் கொட்டினாள். கருகிய பால், ஆறிப்போன டீ, சனிக்கிழமை எல்லாம். அம்மா குடையை மடக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். தரையில் தண்ணீர் தேங்கியது.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“வரும்கிறார். எப்போன்னு அவருக்கே தெரியலையாம்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா உன்கூட இஸ்திரி போட வர்றேன்.”

“நீயா? ஒரு தலையணை உறை ஒழுங்கா மடிக்கத் தெரியாது.” அம்மா குடையை மூலையில் சாய்த்தாள். தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து புட்டிகளைப் பார்த்தாள். ஒன்றையும் தொடவில்லை. “கதவைச் சாத்து” என்றாள்.

“எதுக்கும்மா?”

“உனக்கு ஒரு நாக்கு வேணும். எனக்கு ஒண்ணு இருக்கு. எதிர்வீட்டுக்காரி கண்ணுல பட்டா நாளைக்குத் தெரு பூரா நான் குடிகாரி. சாத்து.”

“வேணாம்மா. உனக்கு ஆகாது.”

“எனக்கு எது ஆகும் ஆகாதுன்னு இவ்வளவு நாளா யாரு கேட்டீங்க? ஊத்துடி.”

மகள் கதவைத் தாழிட்டு வந்தாள். முதலில் வெறும் ரம் தெரிய வேண்டும் என்று, ஒரு சின்ன கிளாஸில் கொஞ்சமாக ஊற்றித் தண்ணீர் சில சொட்டு விட்டாள். “முழுங்காதே. நாக்குல உருட்டிட்டு இந்தக் கிண்ணத்துல துப்பிடு. முதல்ல மோந்து பாரு.”

அம்மா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். தோள் இரண்டும் விறைத்துக்கொண்டன.

“என்னம்மா தெரியுது?”

“உங்கப்பா சட்டை. துவைக்கப் போடறதுக்கு முன்னாடி.”

மகள் கிளாஸை வாங்கக் கையை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. மருந்து குடிக்கிறவளைப்போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயில் விட்டாள். கண் மெல்லத் திறந்தது. கன்னத்துக்குள் அதை உருட்டினாள்.

“துப்பும்மா.”

அம்மா முழுங்கிவிட்டாள்.

“இனிக்குது” என்றாள்.

“கொஞ்சம் இனிப்பாத்தான் இருக்கும். கரும்புப் பாகுலேர்ந்து வர்றதுதானே. பீப்பாயில கிடந்து…”

“இனிக்குதுடி!” அம்மாவின் குரல் ஓங்கியது. “கசக்கும்னு சொன்னாரே.”

“யாரு?”

“உங்கப்பாதான், வேற யாரு? ‘ஆசைக்கா குடிக்கிறேன்? முதுகு விட்டுப்போச்சு, இது மருந்து, விஷமா கசக்குது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்’ம்பாரு. குடிச்சுட்டு முகத்தை இப்படிச் சுளிப்பாரு.” அம்மா சுளித்துக் காட்டினாள். அப்பா வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. “எனக்குப் பாவமா இருக்கும். பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கற்கண்டு எடுத்து வாயில போடுவேன். குழந்தைக்கு மருந்து குடுத்துட்டுப் போடுவோமே, அப்படி. டப்பா காலியாயிட்டா மழையோ வெயிலோ கடைக்கு ஓடுவேன்.”

மகளுக்கு அந்தக் கற்கண்டு டப்பா நினைவிருந்தது. “அது எனக்கு வாங்கி வச்சதுன்னு நினைச்சேன்மா.”

“உனக்கு மிச்சம்தான் வந்துது. அவருக்கு வாங்கினது.” அம்மா கிளாஸில் ஒட்டியிருந்ததை நாக்கில் கவிழ்த்தாள். இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்கிறவள்போல இருந்தது அது. “திருட்டு மனுஷன்! இதையும் குடிச்சுட்டு, கற்கண்டையும் வாங்கித் தின்னுருக்காரு!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கும் வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடக்கப் பார்த்தால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து மறுபடி ஆரம்பித்தது. எந்த இடத்தில் அம்மாவின் சிரிப்பு வேறாக மாறியது என்று மகளுக்குத் தெரியவில்லை. பார்க்கும்போது அம்மா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“கசப்பைக் குடிச்சே செத்தாருன்னு இத்தனை வருஷமா அழுதேனே. இனிக்க இனிக்கக் குடிச்சுட்டுப் போயிருக்காரு. ‘நல்லா இருக்கு, விட முடியல’ன்னு ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன். பாவம் பாவம்னு பக்கத்துல உட்கார்ந்து ஊட்டி விட்டேனே!”

மகள் நகர்ந்து வந்து அம்மாவின் முழங்காலில் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

“அக்கா, உள்ள என்ன கமகமன்னு வாசனை? கேக்கு போடறீங்களா?” என்றாள் வெளியே எதிர்வீட்டுக்காரி.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குரலைச் சரிசெய்தாள். “ஆமா, கேக்குதான். கருகிப் போச்சு. நாளைக்குப் போட்டா தர்றேன்.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மகள் புட்டிகளை எடுத்து ஓரம் கட்டப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேலை முடியலையே. எதுக்கு எடுத்து வைக்கிற? கல.”

“இன்னொரு நாள் பார்ப்போம்மா.”

“இன்னொரு நாள் எனக்கு இந்தத் தைரியம் வராது.”

அதன்பின் அம்மா ஒழுங்காகத் துப்பினாள். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்ததை வாயில் வைத்து, “இனிப்பு நடு ஹால்ல உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. மத்தவங்க நிக்க இடமில்ல” என்றாள். மகள் பாகைக் குறைத்து இஞ்சியைக் கூட்டினாள். “இப்ப கொஞ்சம் நகர்ந்து உட்காருது.” காப்பி சேர்த்ததற்கு, “கஞ்சி அதிகமாப் போட்ட துணி. பார்க்க மொடமொடன்னு இருக்கு, உடம்புல ஒட்டல” என்றாள். எதைக் குறைத்தால் ஒட்டும் என்று மகள் யோசித்துத் தண்ணீர் சேர்த்தாள், ஐஸ் சேர்த்தாள். அது இணங்கி வந்தது. பாரில் பேசுகிற பாஷை எதுவும் அம்மாவிடம் இல்லை. ஆனால் சொன்னதெல்லாம் மகளுக்குப் புரிந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த குரல்தானே.

மூன்றாவது ரொம்பச் சாதாரணமானது. ரம், துளி பாகு, ஆரஞ்சுத் தோல், வேர்களை ஊறவைத்து எடுக்கிற கசப்புத் திரவத்தில் ஒரு சொட்டு. அம்மா அதை நாக்கில் வைத்துவிட்டு உடனே துப்பினாள்.

“கசப்பு போடு.”

“போட்டிருக்கேன்மா. ஒரு சொட்டு.”

“பத்தாது. குடிக்கிறவனுக்குத் தெரியணும்.”

மகள் இன்னொரு சொட்டு விட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அம்மா இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இப்ப சரி. முதல்ல பல்லை இளிக்குது. அப்புறமா உண்மையைச் சொல்லுது.”

வேலைக்குக் கிளம்பும்போது அம்மா சுவரோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் போர்வையைப் போர்த்திவிட்டுப் போனாள்.

மறுநாள் கூடத்துச் சுவரில் எப்போதும் தொங்குகிற அப்பா படம் இல்லை.

“படம் எங்கேம்மா?”

“அலமாரில கிடக்கு. கொஞ்ச நாளைக்கு அந்த முகத்தைப் பார்க்க வேணாம்.”

அதோடு அம்மா தன் வேலையைப் பார்த்தாள். காலையில் போனாள், சாயங்காலம் வந்தாள், சமைத்தாள், பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள். கிளறக் கூடாத பழசைத் தன் வேலைக்காக அம்மாவைக் கிளற வைத்துவிட்டோமோ என்று மகளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்த ஆட்கள் முதல் இரண்டையும் நல்லது என்றார்கள். மூன்றாவதை இன்னொரு வாய் கேட்டு வாங்கினார்கள். ஒரு பெரியவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதைக் கலந்தது யாரு?” என்று கேட்டார். மேனேஜர் பெருமையாக இவளைக் கைகாட்டினார். அவர்கள் போனபிறகு அவள் மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னாள். யாருடைய நாக்கு அது என்பதையும் சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். “முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றார். அப்புறம், “மூக்கு வர்ற வரைக்கும் புதுசா எதுவும் கலக்காதே. இருக்கறதைப் பார்த்துக்கோ” என்றார்.

மூக்கு வந்தது. ஆனால் அவசரப்படாமல் வந்தது. மழை ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம், முதலில் வந்து சேர்ந்தது நல்ல வாசனை எதுவும் இல்லை, தரை துடைக்கிற ஈரத்துணியின் முடைநாற்றம். அவள் அந்தத் துணியை இரண்டு கையிலும் பிடித்து முகர்ந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஐஸ்கட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வாரமே அப்பா படமும் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. பழைய இடத்துக்குப் போகவில்லை. அடுப்புக்கு எதிரே, சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள் அம்மா.

“ஏம்மா இங்க?”

“நாலு வார்த்தை கேக்கணும்னா அங்க வரைக்கும் நடக்க முடியல.”

விடுமுறை நாள் ஒன்றில் அம்மா மகளின் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்துத் தேய்த்தபடி, அந்தப் பேச்சைத் தானாகவே எடுத்தாள்.

“அந்தக் கசப்பு போட்டது போகுதா?”

“அதுதாம்மா ரொம்பப் போகுது.”

“முகத்தைச் சுளிக்கிறாங்களா?”

“சில பேரு சுளிப்பாங்க. ஆனா மறுபடி கேப்பாங்க.”

“கேட்டா குடுப்பியா?”

“குடுக்கறதுதானே வேலை. ரொம்பப் போனா நிறுத்திடுவோம். வாய் குழற ஆரம்பிச்சா, நடை தள்ளாடினா அதோட சரி. எங்களுக்குச் சொல்லியே வச்சிருக்காங்க.”

அம்மா காலரை மடித்துத் தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உங்கப்பாவுக்கு ஒருநாள்கூட வாய் குழறினதில்ல” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சட்டையை மடித்து மகளின் மடியில் வைத்தாள். சட்டை சூடாக இருந்தது.  

அடுத்த நாள் சாயங்காலம் பாரில் கூட்டம் அதிகமில்லை. கவுண்டரின் கோடியில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வருகிறவர்தான். சத்தம் போடமாட்டார், யாரிடமும் வம்புக்குப் போகமாட்டார், போகும்போது நேராக நடந்து போவார். இவ்வளவு நல்ல வாடிக்கையாளர் உண்டா என்று ஐஸ்கட்டி சொல்வார். கசப்பு போட்டதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வழக்கம்போல ஒரு விரலைத் தூக்கினார்.

மூக்குக்காரி போய்க் காலி கிளாஸை எடுத்துக்கொண்டாள். ரம் புட்டியின் பக்கம் திரும்பவில்லை. அவர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தாள்.

“சாப்பிட்டீங்களா சார்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்டது தன்னைத்தானா என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தண்ணீர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இல்லம்மா” என்றார்.